ஆறு பேரும் நலம்

அக்டோபர் 4, வெள்ளி. ஊசிப்பாறை முகாம்.

இது என் இருபத்தைந்தாவது மலையேற்றம். இந்த வரியை எழுதுவதற்காகவே ஆறு மாதமாகப் புது நோட்டை அட்டை கசங்காமல் வைத்திருந்தேன். மலைக்கு வந்தால் அன்றன்று நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதுவது என் வழக்கம். பி.டி. டீச்சர் என்றால் விசிலும் கையுமாகத் திரிகிறவள் என்றுதான் ஸ்டாஃப் ரூமில் நினைக்கிறார்கள். பூங்கோதைக்கு எழுதவும் வரும்.

காலை ஆறரைக்கு அடிவாரச் செக்போஸ்ட்டில் இருந்தோம். வனத்துறை அனுமதிக் கடிதத்தில் ஆறு பெயர். ஆறு ஆதார் நகல், ஆறு டாக்டர் சான்றிதழ். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் அனுமதி இல்லை. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, ஆஸ்துமா இருந்தால் அனுமதி இல்லை. ஆறு பேருக்குக் குறைந்தால் யாருக்குமே அனுமதி இல்லை. எங்களுக்கு வழிகாட்டியாக வந்திருக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர் சிவனாண்டி, தூறலில் நனையாமல் கடிதத்தைச் சட்டையால் மறைத்துக்கொண்டு பெயர் படித்தார். பூங்கோதை. பர்வீன். ரெஜினா. ரெஜினாவின் அழகு நிலையத்தில் வேலை பார்க்கும் வினோதா, ஜெபா. கடைசியாகச் செண்பகம், வயது நாற்பத்து நான்கு.

"உள்ளேன்" என்றாள் என் அக்கா.

இதை விளக்கிவிட வேண்டும். நேற்று இரவு செண்பகம் போன் செய்து, மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார், வர முடியாது என்றாள். ஆறு ஐந்தாகிவிட்டது. ஒருத்தியின் மாமியார் வழுக்கியதற்கு ஐந்து பேர் வீட்டில் உட்கார முடியுமா? நல்லவேளை, விஷயம் தெரிந்ததும் சௌந்தரம் அக்கா தானாகவே "நான் வாரேன்டி" என்று கிளம்பிவிட்டாள். என் வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள், ஒத்தாசைக்குப் போகிறேன் என்று மச்சானிடம் சொல்லிவிட்டு, சின்னமனூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து நின்றாள்.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு. பதினான்கு வருடமாக சுகர் ஊசி போடுகிறாள். காலையில் இருபது யூனிட், இரவில் பத்து. பேனா மாதிரி ஒரு ஊசி, இடுப்புப் பையில் வைத்திருக்கிறாள். இரண்டு நாள் பயணத்துக்குத் தாராளமாகப் போதும். அவளை யாரும் நோயாளி என்று சொல்ல முடியாது. பள்ளியில் படிக்கும்போது மாவட்டத்திலேயே நானூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவது வந்தவள். அந்தக் கோப்பை கல்யாணத்துக்கு அப்புறம் சின்னமனூர் வீட்டில் பருப்பு அளக்கப் பயன்பட்டது.

என்னை டீச்சர் என்று கூப்பிடு, வாய் தவறிக் கோதை என்று கூப்பிட்டுத் தொலைக்காதே என்று வேனிலேயே சொல்லிவைத்தேன். செண்பகம் டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். வழி நெடுக அக்கா ஒழுங்காக டீச்சர், டீச்சர் என்றாள். பதினோரு கிலோமீட்டர் ஏற்றம். ரெஜினாவின் பெண்கள் இரண்டும் நாலாவது கிலோமீட்டரிலேயே நாக்குத் தள்ளிவிட்டன. அக்கா முன்னால் போய் நின்று, "என்ன புள்ளைகளா, இப்ப வாரீகளா, இல்ல நாளைக்கு வாரீகளா?" என்று கேலி செய்தாள்.

முகாம் என்பது சிமெண்ட் தரையும் தகரக் கூரையும் போட்ட ஒரே அறை. சுற்றிலும் யானை வராமல் இருக்க ஆளுயரப் பள்ளம். இரவுச் சாப்பாடு: ரெஜினா கட்டிக்கொண்டு வந்த புளிச்சாதம். அட்டை கடித்த கணக்கில் வினோதா முதலிடம், ஒன்பது.

அக்டோபர் 5, சனி

காலை ஏழுக்கு உச்சிக்குப் போனோம். மேகம் பத்து நிமிஷம் விலகியது. கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் கீழே கிடந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "இதுல நம்ம வீடு எங்கிட்டு இருக்கு, டீச்சர்?" என்றாள். எல்லாரும் சிரித்தோம். பர்வீன் படம் எடுத்தாள். படத்தில் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு மனது நிறைந்துவிட்டது. இதற்காகவாவது அவளைக் கூட்டி வந்தது சரிதான்.

பத்து மணிக்குப் பிடித்த மழை விடவில்லை. அருவிக்குப் போகாமல் இறங்க ஆரம்பித்தோம். மூன்று கிலோமீட்டர் வந்தால் கோரையாறு. நேற்று முட்டளவு தண்ணீர், மேலே இரண்டு மரத்தைச் சேர்த்துக் கட்டிய பாலம். இன்று பாலத்தைக் காணவில்லை. பாலம் இருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர், அதில் வேரோடு ஒரு மரம். அதன் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் பேசுவது கேட்கவில்லை. சிவனாண்டி கரையில் உட்கார்ந்து ஒரு பீடி பற்றவைக்கும் நேரம் பார்த்துவிட்டு, "திரும்புங்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

முகாமில் போனுக்குச் சிக்னல் கிடையாது, ஒரு வாக்கி டாக்கிதான் இருக்கிறது. காலை ஏழுக்கும் மாலை ஐந்துக்கும் ரேஞ்சர் ஆபீஸிலிருந்து கூப்பிடுவார்கள். அதற்கு மேல் பேசினால் பேட்டரி நிற்காது, கூரையில் இருக்கும் சோலார் தகடுதான் அதற்குச் சாப்பாடு. ஐந்து மணிக்குச் சிவனாண்டி விவரம் சொல்லிவிட்டு, குழுத் தலைவி என்பதால் என்னிடம் கொடுத்தார்.

"டீச்சர், ஆறு பேருக்கும் உடம்பு எப்படி? தினசரி மருந்து எடுக்குறவங்க யாராச்சும் இருக்காங்களா? ஓவர்."

"ஆறு பேரும் நலம். மருந்து எதுவும் தேவையில்லை. ஓவர்."

"கீழ ரெண்டு ஊருக்குள்ள தண்ணி பூந்துருச்சு டீச்சர். கயிறு கட்டி ஆள் எடுக்குறவங்க அங்க நிக்கிறாங்க. நீங்க பத்திரமா இருக்கீங்கன்னா கொஞ்சம் பொறுத்துக்கங்க. அரிசி பருப்பு இருக்குல்ல? ஓவர்."

இருக்கிறது என்றேன். குரலில் நடுக்கம் வராமல் பேசியதாகப் பர்வீன் பாராட்டினாள். பாராட்டுத்தானா என்று தெரியவில்லை. செண்பகத்தின் முகம் அடையாளம் தெரியாதபடி ஆதார் நகலைக் கறுப்பாக எடுத்தது அவளுடைய ஜெராக்ஸ் கடையில்தான்.

அக்டோபர் 6, ஞாயிறு

மழை. கஞ்சி, ஊறுகாய். பெண்களைச் சும்மா விட்டால் அழுவார்கள் என்று அறைக்குள்ளேயே உடற்பயிற்சி செய்யவைத்தேன். ஜெபா அப்போதும் அழுதாள்.

அக்கா ஊசியைப் பாதி பாதியாகப் போட்டுக்கொள்கிறாள். நல்ல யோசனை. இப்படிப் போட்டால் நாளை வரை வரும். நாளைக்குத் தண்ணீர் வடிந்துவிடும்.

மாலை வாக்கியில்: ஆறு பேரும் நலம்.

அக்டோபர் 7, திங்கள்

இன்று பள்ளி திறந்திருக்கும். பிரேயருக்கு யார் விசில் ஊதினார்களோ.

தண்ணீர் வடியவில்லை. சிவனாண்டி போய்ப் பார்த்துவிட்டு வந்து, நேற்றைவிட ஒரு முழம் கூடத்தான் என்றார். மேலே போகும் வழியிலும் மண் சரிந்திருக்கிறதாம். மொத்தத்தில் ஒரு மேடு, ஒரு அறை, சுற்றிலும் பள்ளம். யானையை வெளியே நிறுத்த வெட்டிய பள்ளத்துக்குள் நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறோம். தகரத்தில் மழை விழும் சத்தம் மூன்று நாளாகக் காதை விட்டுப் போகவில்லை. ஈரத் துணி காயவே இல்லை, அறை முழுக்க ஒரு முடை நாற்றம். நான் வெளியே போய் அறையைச் சுற்றி இருபது முறை நடந்தேன். ஒரு சுற்றுக்கு நாற்பத்தொரு எட்டு. நாற்பத்தொன்றாவது எட்டில் ஒவ்வொரு முறையும் ஜன்னல் வருகிறது, ஜன்னலில் அக்கா இருக்கிறாள்.

காலையில் பேனா காலியாகிவிட்டது. அதைக் கழுவித் துடைத்துத் திரும்பப் பையில் வைத்தாள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

மாலை: ஆறு பேரும் நலம்.

அக்டோபர் 8, செவ்வாய்

அக்காவுக்குத் தாகம். குடத்துத் தண்ணீரை ஒரே ஆளாகக் காலி செய்கிறாள். குடித்த கையோடு வெளியே போக வேண்டும் என்கிறாள். இந்த மழையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை புடவையைத் தூக்கிக்கொண்டு போய் வருகிறாள். காலெல்லாம் அட்டை. உப்பு வைத்து எடுத்துவிட்டேன். சின்ன வயதில் என் தலையில் பேன் பார்த்தவள் அவள். "ஒண்ணு போனா ஒண்ணு வருது பாருங்க டீச்சர்" என்று சிரித்தாள். அறையில் அப்போது நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். டீச்சர் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

ஆட்கள் எப்படியும் நாளைக்கு வந்துவிடுவார்கள். நாளை இல்லாவிட்டால் மறுநாள். இரண்டு நாள் ஊசி போடாமல் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது என்று எங்கேயோ படித்திருக்கிறேன்.

மதியம் பர்வீன் என்னை விறகு அடுக்கியிருந்த மூலைக்கு இழுத்துப் போனாள். "எங்க அத்தாக்கு இப்பிடித்தான் ஆரம்பிச்சுச்சு. நீங்க சொல்லுறீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள். அத்தா என்று அவள் சொல்வது அப்பாவை.

"என்னன்னு சொல்லுவ? நகல் எடுத்தது உன் கடைல, அத மறந்துராத" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம். எனக்கும் கோபம் வந்தது. பொய்ச் சான்று கொடுத்த அரசு ஊழியருக்கு என்ன ஆகும் என்று இவளுக்குத் தெரியுமா? இருபத்திரண்டு வருட சர்வீஸ். அது போகட்டும், சிவனாண்டி? பதினொரு வருடமாகத் தற்காலிக வேலை. இந்தப் பொங்கலுக்குள் நிரந்தரமாகும் என்று நேற்றுத்தான் சொன்னார். பெயர் படித்துச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர் அவர். என் ஒருத்தியைப் பற்றி மட்டும் நினைத்துச் செய்கிற காரியமா இது?

ஐந்து மணிக்கு வாக்கி கூப்பிட்டது. சிவனாண்டி என்னிடம் நீட்டினார். அக்கா சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு பேரும் நலம் என்றேன்.

அக்டோபர் 9, புதன். காலை.

விடியும்போது அக்கா வாந்தி எடுத்தாள். நேற்றுக் குடித்த கஞ்சியும் அதற்கு முந்தைய நாள் கஞ்சியும். அவள் மூச்சில் ஒரு வாசனை வருகிறது, கனிந்து அழுகப்போகிற பழத்தின் வாசனை. மூச்சும் ஓடி வந்து நின்றவள் மாதிரி பெரிது பெரிதாக வாங்குகிறது. ஓடி வந்து நின்ற அக்காவை நான் பார்த்திருக்கிறேன், அப்போது அவளுக்கு இவ்வளவு வாங்கவில்லை.

எனக்கு ஒரு வழி தோன்றியது. ஏன் இதுவரை தோன்றவில்லை என்று என்னையே நொந்துகொண்டேன். ஏழு மணிக்கு வாக்கியை நானே கேட்டு வாங்கினேன். "செண்பகத்துக்குச் சர்க்கரை இருந்திருக்கிறது, வீட்டில் யாருக்கும் தெரியாமல் மறைத்திருக்கிறாள், இப்போதுதான் சொல்கிறாள். இன்சுலின் உடனடியாகத் தேவை. ஓவர்" என்றேன்.

பெயர் பெயராகவே இருக்கிறது. மருந்தும் வந்துவிடும். யாருக்கும் எந்தச் சேதமும் இல்லை. இன்றே ஏற்பாடு செய்கிறோம், அவர் வீட்டில் விசாரித்து மருந்தை அனுப்பி வைக்கிறோம் என்றார்கள்.

அக்காவிடம் போய், "மருந்து வருது, சாயங்காலத்துக்குள்ள வந்துரும்" என்றேன். கண்ணைத் திறக்காமல் தலையை ஆட்டினாள். சிவனாண்டி வாக்கியை வாங்கிப் பார்த்தார். பேட்டரியில் ஒரு கோடுதான் இருக்கிறது. ஐந்து நாளாக வெயில் கிடையாது. "இன்னும் ஒருக்கா பேசலாம் டீச்சர். ரெண்டாவது தடவைக்குத் தாங்காது" என்றார்.

மதியம்.

யாரும் வரவில்லை. ரெஜினா, வினோதா, ஜெபா மூவரும் ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "அவர் வீட்டில் விசாரித்து" என்று சொன்னார்களே, அந்த வார்த்தை இப்போதுதான் மண்டையில் உறைக்கிறது. செண்பகத்தின் வீட்டு நம்பரை விண்ணப்பத்தில் எழுதியது நான்தான்.

உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. நோட்டைப் புரட்டினேன். வெள்ளிக்கிழமை எழுதியதைப் படித்தேன். உள்ளது உள்ளபடி என்று எழுதியிருக்கிறேன். அக்கா தானாகவே கிளம்பி வந்தாள் என்று எழுதியிருக்கிறேன்.

அவள் தானாக வரவில்லை. வியாழன் இரவு ஒன்பதே காலுக்கு நான்தான் போன் செய்தேன். "வேணாம்டி, எனக்கு ஊசி இருக்கு, மாட்டிக்கிருவோம்" என்றாள். ஆள் குறைந்தால் என் இருபத்தைந்து போய்விடும் என்று சொல்லாமல், "ஒரு நாளாச்சும் நீ மலையைப் பாக்க வேணாமா?" என்று கேட்டேன். முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். வெள்ளையடிக்கிற கதையும் நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

திங்கட்கிழமை அக்கா ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறேன். சொன்னாள். காலிப் பேனாவைப் பையில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்து, "கோதை, சொல்லிருடி. எனக்குப் பயமா இருக்கு" என்றாள். நான் கையை உருவிக்கொண்டு, "டீச்சர்னு சொல்லு" என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேர் மட்டும் இருக்கும்போதும் டீச்சர் என்கிறாள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மாலை.

நாலரைக்குச் சிவனாண்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடுப்பு ஊதுவதை நிறுத்தவில்லை.

"மொத நாளே தெரியும் டீச்சர். மூஞ்சியப் பாத்தா நாப்பத்தி நாலு மாதிரியா இருக்கு? பேரு கூப்புட்டப்ப அவங்க ஒங்களப் பாத்துட்டுத்தான் உள்ளேன்னாங்க."

"தெரிஞ்சும் ஏன் விட்டீங்க?"

"பெரியம்மா அம்புட்டு ஆசையா நின்னாங்க. சரி, ரெண்டு நாளுதானேன்னு நெனச்சேன்." புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பொறவு, கையெழுத்துப் போட்டுட்டேன். போட்ட பொறவு எப்பிடிச் சொல்றது?"

ஆக, அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஐந்து நாளாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒரே பொய்யைக் காவல் காத்திருக்கிறோம். கீழே இருப்பவர்களுக்கு மட்டும் தெரியாது.

ஐந்து மணிக்கு அவர்கள்தான் முந்திக்கொண்டார்கள். குரலில் பழைய மரியாதை இல்லை.

"ஊசிப்பாறை, செண்பகம் வீட்டுக்குப் போன் போட்டோம். செண்பகமே எடுத்தாங்க. அவங்களுக்குச் சுகரே கெடையாதாம். அங்க இருக்கிறது அஞ்சு பேரா, ஆறு பேரா? யாருக்கு மருந்து கேக்குறீங்க? என்ன வெளையாட்டு இது? ஓவர்."

அதாவது, ஒரு நாள் போய்விட்டது. காலையிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் மருந்து இந்நேரம் ஆற்றங்கரைக்கு வந்திருக்கும். வாக்கியில் இருந்த ஒற்றைக் கோடு விட்டுவிட்டு எரிந்தது. பொத்தானை அழுத்தினேன். மைதானத்தில் ஐந்நூறு பேருக்குக் கேட்கிற மாதிரி பேசுவேனே, அந்தக் குரலில் பேசினேன்.

"நான் பூங்கோதை பேசுறேன். பொய் சொன்னது நான். இங்க ஆறு பேர் இருக்கோம். ஆறாவது ஆள் செண்பகம் இல்ல, என் அக்கா சௌந்தரம். வயசு அம்பத்தெட்டு. பதினாலு வருஷமா இன்சுலின். காலைல இருபது, ராத்திரி பத்து. மூணு நாளா போடல. வாந்தி எடுக்குறா, மூச்சு வாங்குது, மூச்சுல பழ வாசம் வருது. ஆள் மாத்திக் கூட்டிட்டு வந்தது நான். காவலருக்கு எதுவும் தெரியாது. அவள எப்பிடியாச்சும் எடுங்க. ஓவர்."

கொஞ்ச நேரம் கரகரப்பு மட்டும் கேட்டது. பிறகு, "மருந்துப் பேர் என்ன? பேனாவப் பாத்துப் படிங்க" என்றது குரல். பர்வீன் பேனாவை வெளிச்சத்தில் பிடித்து எழுத்து எழுத்தாகப் படித்தாள். பாதியில் பொத்தானின் சின்ன விளக்கு அணைந்துவிட்டது. அழுத்தினேன். தட்டினேன். சிவனாண்டி வாங்கிக் கழற்றித் துடைத்து மாட்டினார். செத்துவிட்டது.

எதுவரை கேட்டது என்று தெரியாது. பெயர் வரை கேட்டதா, மருந்து வரை கேட்டதா, பழ வாசம் வரை கேட்டதா, ஒன்றும் தெரியாது.

அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "சொல்லிட்டேன்க்கா" என்றேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

வந்தார்கள். விடிந்ததும் சிவனாண்டியும் நானும் ஆற்றங்கரைக்கு இறங்கிக் காத்திருந்தோம், பதினொன்றே காலுக்கு அக்கரையில் காக்கிச் சட்டைகள் தெரிந்தன. கயிறு இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை இக்கரையில் விழுந்தது. சிவனாண்டி அதை எடுத்து ஒரு பாறையில் கட்டிவிட்டு, இன்னொரு கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் நடு ஆறு வரை போய் மருந்துப் பையை வாங்கி வந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. மீட்புக் குழுவில் ஒருவர் கரை சேர்ந்து, முகாமுக்கு ஏறி வந்து அக்காவுக்கு ஊசி போட்டு, கையில் சலைன் ஏற்றினார். மூங்கிலில் தார்ப்பாயைக் கட்டி அவளைத் தூக்கினார்கள், எங்களையும் கயிற்றைப் பிடிக்கவைத்து அக்கரை சேர்த்தார்கள்.

செக்போஸ்ட்டில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி ஒரு கிளார்க் பெயர் படித்தார். உள்ளே போனவர் ஆறு, வெளியே வருபவர் ஆறு என்று சரிபார்க்க வேண்டுமாம். ஐந்து பேர் உள்ளேன் என்றோம். கடைசியாகச் செண்பகம் என்றார். அந்தப் பெயருக்கு உள்ளேன் சொல்ல ஆள் இல்லை. அவர் அதை அடித்துவிட்டு, பேனாவை என் பக்கம் நீட்டினார். நான் அக்காவின் பெயரை எழுதினேன். அப்பா பெயரை எழுதினேன். என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. அதையும் எழுதினேன்.

அக்டோபர் 11, வெள்ளி

தேனி. தீவிர சிகிச்சைப் பிரிவு. உள்ளே விடவில்லை.

அக்டோபர் 12, சனி

மச்சான் வந்ததிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பெஞ்சின் அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் நான். டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்தேன். ஆறி ஆடை கட்டும்வரை அப்படியே இருந்தது. திரும்ப எடுத்துப்போய் ஊற்றினேன்.

எச்.எம். போன் செய்தார். திங்கட்கிழமை பள்ளிக்கு வர வேண்டாம், கடிதம் வீட்டுக்கு வரும் என்றார். சரி மேடம் என்றேன். சிவனாண்டியை முகாமிலிருந்து எடுத்துவிட்டார்களாம், பர்வீன் சொன்னாள். அவருக்குத் தெரியாது என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. என் வாயிலிருந்து வருவதை இனிமேல் யார் நம்புவார்கள்? அவருக்காக ஆபீஸுக்குப் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதத்தான் எனக்கு வருமே.

அக்டோபர் 13, ஞாயிறு

காலை பத்தரைக்கு அக்கா கண் விழித்துவிட்டாள் என்று கூப்பிட்டார்கள். மச்சான் முதலில் போய்விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்னைத் தெரியுது. மாட்டுக்கு யாரு தண்ணி வைக்கிறான்னு கேக்குறா" என்று வாசலில் நின்ற யாரிடமோ சொன்னார். அடுத்து நான் போனேன்.

அக்கா பாதியாகியிருந்தாள். உதடு வெடித்திருந்தது. நான் கட்டில் கால்மாட்டில் நின்றேன். நர்ஸ் பெண் சார்ட்டை வைத்துக்கொண்டு, மயக்கம் தெளிந்துவிட்டதா என்று சோதிக்கக் கேள்வி கேட்டார்.

"ஒங்க பேரு என்னம்மா?"

"சௌந்தரம்."

"எந்த ஊரு?"

"சின்னமனூரு."

"வயசு?"

"அம்பத்தெட்டு." கொஞ்சம் யோசித்து, "மாசி வந்தா அம்பத்தொம்பது" என்றாள்.

"இன்னைக்கு என்ன கெழம?"

"தெரியலையே தாயி. எத்தன நாளாச்சு?"

நர்ஸ் சிரித்துக்கொண்டே என்னைக் காட்டினார். "இவங்க யாரு, சொல்லுங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். உச்சியில் மேகம் விலகியபோது பள்ளத்தாக்கைப் பார்த்தாளே, அதைவிட அதிக நேரம்.

"டீச்சர்" என்றாள்.

"எந்த டீச்சரும்மா? ஒங்க தங்கச்சிதான இவங்க?"

அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நர்ஸ் சார்ட்டில் எதையோ எழுதிவிட்டு, "இன்னும் முழுசாத் தெளியல. ரெண்டு நாள்ல ஆள் அடையாளம் தெரிய ஆரம்பிச்சுரும், கவலப்படாதீங்க" என்று என் தோளில் தட்டினார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, பெஞ்சின் இந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டேன்.